மைக் டெஸ்ட்

"நடுநிலைப் பள்ளி மாணவர்களின் குரல்வளத்தைக் கொண்டு, பள்ளி வளாகத்திலேயே ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை நிறுவி, பார்வையற்றோருக்கான ஒலிநூல்களைத் தயாரித்து வழங்கினேன்." ஒரு சேவைச் சங்கம் தரும் சிறந்த ஆசிரியர் விருதுக்கு விண்ணப்பித்தபோது நான் கைப்பட எழுதிய வாக்கியம் இது. இதில் 'நடுநிலைப் பள்ளி மாணவர்கள்' என்ற இடம் மட்டும் உண்மை. மற்றதெல்லாம் பொய், இல்லாவிட்டால் பாதி உண்மை. விருது கிடைத்தது. சால்வை போட்டார்கள், கேடயம் கொடுத்தார்கள், நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படமும் வந்தது. யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை, இனிமேலும் கேட்கப்போவதில்லை. நானாகச் சொன்னால்தான் உண்டு.

திண்டுக்கல் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் பட்டதாரி ஆசிரியர். ஜே.ஆர்.சி. என்று எல்லாரும் சொல்லும் இளஞ்செஞ்சிலுவைச் சங்கத்தின் பொறுப்பும் என்னிடம் இருந்தது. உடல்நலம், சேவை, நட்பு என்று அதற்கு மூன்று நோக்கங்கள். நடைமுறையில் நாங்கள் செய்வது ஊர்வலம், கை கழுவும் முறை, பிளாஸ்டிக் பொறுக்குதல். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வித்திட்ட ஹென்றி டுனாண்ட் பிறந்த மே 8 கோடை விடுமுறையில் வருவதால் அதை ஜூன் மாதத்தில் கொண்டாடிப் படம் எடுத்துக்கொள்வோம். ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கும் பிள்ளைகளால் இவ்வளவுதான் முடியும் என்று நிஜமாகவே நம்பியிருந்தேன்.

அப்போதுதான் உள்ளூர்ப் பார்வையற்றோர் சங்கத்தின் செயலாளர் பள்ளிக்கு வந்தார். அவருக்கும் பார்வை கிடையாது. கைத்தடியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். அவர்கள் சங்கத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் பார்வையற்றோர், குறைபார்வை உள்ளோர் பங்கு 1 சதவீதம். இடம் இருக்கிறது, படிக்கத்தான் வழி இல்லை. இந்தத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் எல்லாருக்கும் மூலநூல் ஆறாம் வகுப்பிலிருந்து வரும் அரசுப் பாடப்புத்தகங்கள்தான். அவை பி.டி.எஃப். ஆகக் கிடைக்கும். ஆனால் அச்சுக்கென்று தயாரித்த தமிழ் பி.டி.எஃப்.பை என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பானில் போட்டால், பல இடங்களில் எழுத்து சிதறி, காலும் கொம்பும் இடம் மாறி, காதில் விழுவது எந்த மொழி என்றே தெரியாமல் போகும்.

"உங்க பிள்ளைங்க பையிலயே இருக்கு சார், எங்களுக்கு வேண்டிய புத்தகம். ஆறு, ஏழு, எட்டு சமூக அறிவியல் மட்டும் படிச்சுப் பதிவு பண்ணிக் கொடுத்தாப் போதும்" என்றார்.

இதைவிடத் தெளிவாக ஒருவர் தன் தேவையைச் சொல்ல முடியாது. நானும் தலையாட்டினேன். ஆனால் மனசுக்குள் ஓடியது வேறு. விழா மேடையில் சமூக அறிவியல் பாடத்தை ஓட்டினால் எந்த விருந்தினர் உட்கார்ந்து கேட்பார்? நீதிக்கதை என்றால் எடுபடும். நடுவில் ஒரு பாட்டு, குழந்தைக் குரலில் திருக்குறள், பின்னணியில் புல்லாங்குழல். அதனால், "பாடநூல் கழகத்துல அனுமதி வாங்கணுமே சார், சிக்கலாயிடுமே" என்று ஒரு கல்லைத் தூக்கிப் போட்டேன்.

அவர் சிரித்தார். காப்புரிமைச் சட்டத்தில் 2012இல் திருத்தம் வந்துவிட்டது, மாற்றுத்திறனாளிகள் அணுகும் வடிவத்துக்கு ஒரு நூலை லாப நோக்கில்லாமல் மாற்ற யாருடைய அனுமதியும் தேவையில்லை என்றார். பிரிவு எண்ணைக்கூடச் சொன்னார். இதே விஷயத்துக்கான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்று உறுதி செய்த நாடு இந்தியாதான் என்றும் சொன்னார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. இருந்தாலும் மனம் மாறவில்லை. "முதல்ல கதையில ஆரம்பிப்போம் சார், பிள்ளைங்களுக்குப் பழகட்டும். அப்புறம் பாடம் பார்க்கலாம்" என்றேன். கொடுக்கிற இடத்தில் நான் இருந்தேன். வாங்குகிறவர் அதற்கு மேல் என்ன சொல்வார்?

குரல் தேர்வு நடத்தினேன். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளைகளையே எடுத்தேன். மேடைப் பேச்சுக் குரலைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் பள்ளிகளில் பிள்ளைகளை நாம் அப்படித்தான் பழக்குகிறோம்: முதல் வரியிலேயே உச்சத்துக்குப் போய், கையை நீட்டி, ஒவ்வொரு சொல்லையும் அடித்துப் பேச வேண்டும். மூன்று நிமிடத்துக்கு அது கைதட்டல் வாங்கும். இயர்போனில் அரை மணி நேரம் கேட்டால் தலைவலிதான். அன்றைக்கு எனக்கு இது தோன்றவில்லை. எடுத்துச் சொன்னவன் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், அதுவும் நான் தேர்ந்தெடுக்காதவன்.

அவன் அப்பா மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்கள் செட்தான். முகூர்த்த நாளில் பையன் வகுப்பில் இருக்கமாட்டான். பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று சட்டம் சொல்கிறது. முகூர்த்தம் பள்ளி நேரத்தைப் பார்த்தா வருகிறது? என் பதிவேட்டில் அவன் 'மெல்லக் கற்போர்' பட்டியல். வாசிப்பில் தடுமாறுவான், ஆகவே குரல் தேர்வுக்கு நான் அவனைக் கூப்பிடவே இல்லை. நன்கொடைப் பணத்தில் வாங்கிய காலர் மைக்கைப் போனில் மாட்டத் தெரியாமல் நான் விழித்தபோது, யாரோ போய் அவனைக் கூட்டி வந்தார்கள்.

வந்தவன் மைக்கைத் தொடவில்லை. முதலில் மின்விசிறியை நிறுத்தினான். வகுப்பின் நடுவில் நின்று ஒரு தரம் கைதட்டிக் கேட்டான். "இங்க வேணாம் சார், சுவத்துல பட்டுத் திரும்ப வருது." அப்புறம் எங்களைச் சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்தில் இருந்த சாமான் அறைக்கு அழைத்துப் போனான். மூன்று பக்கமும் அரிசி மூட்டை அடுக்கிய சின்ன அறை. உள்ளே போய்ப் பேசினால் குரல் அப்படியே காய்ந்து விழுந்தது, எதிரொலி துளிகூட இல்லை. சத்துணவு அமைப்பாளர் அம்மாவிடம் அவனே பேசி, மதியம் பாத்திரம் கழுவி முடித்த பிறகு ஒரு மணி நேரம் வாங்கினான். மைக்கைச் சட்டையில் எங்கே குத்த வேண்டும் என்பதும் அவன் சொன்னதுதான். "வாய்க்கு நேரா இருந்தா 'ப' சொல்றப்ப டப்புனு அடிக்கும் சார். தாடைக்குக் கீழ, கொஞ்சம் ஓரமா."

சத்தம் சரியாக விழுகிறதா என்று பார்க்க ஏதாவது படிக்க வேண்டும். அவன் கையில் கிடைத்தது அவனுடைய சமூக அறிவியல் புத்தகம். 'மக்களின் புரட்சி' பாடத்தைப் பிரித்து வைத்துப் படித்தான். வேகமாகப் படிக்க வராது, அதனால் நிறுத்தி நிறுத்தித்தான் வந்தது. பெயரும் ஆண்டும் வரும் இடங்களில் மட்டும் அவன் குரல் மாறியது. கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்ட ஆண்டு வந்ததும் நின்று, 1799 என்று சொல்லி, உடனே இன்னொரு முறையும் சொன்னான். வேலூரில் சிப்பாய்கள் எழுந்த 1806 ஜூலை 10ஐயும் அப்படியே. ஏன் ரெண்டு தடவை என்று கேட்டேன். "திருவிழாவுல பிள்ளை காணோம்னு சொல்றப்ப பேரை ரெண்டு தடவை சொல்லணும் சார். மொதத் தடவை யாரும் காது குடுக்க மாட்டாங்க." அந்தப் பாடத்தை முடித்து, கோப்புக்கு 'டெஸ்ட்' என்று பெயர் வைத்துவிட்டுப் போனான்.

அரிசி மூட்டை அறையில் கதைகள் நன்றாகவே வந்தன. கெடுத்தவன் நான். விண்ணப்பத்தோடு புகைப்படம் இணைக்க வேண்டும். அரிசி மூட்டைக்கு நடுவில் பிள்ளைகளை உட்கார வைத்து எடுத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கணினி அறைக்கு எல்லாவற்றையும் மாற்றினேன். டைல்ஸ் தரை, வெளிச்சம், பின்னால் பேனர். மீதிக் கதைகளை அங்கேயே பதிவு செய்தோம். மின்விசிறி ஓடியது, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பையன் ஒரு முறை வந்து எட்டிப் பார்த்து, "சார், இது நல்லாருக்காது" என்றான். "நீ கிளாஸுக்குப் போ" என்றேன்.

விழா வைத்தோம். சான்றிதழ்ப் பட்டியலை நான்தான் தயாரித்தேன். கதை சொன்ன பிள்ளைகள் எல்லாருக்கும் உண்டு. அவன் பெயரை எழுதினேன், பிறகு அடித்தேன். வருகைப்பதிவு குறைந்த பையனுக்குச் சான்றிதழ் கொடுத்தால் மற்ற பெற்றோர்கள் கேட்பார்கள் என்பது எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம். உண்மைக் காரணம் வேறு. ஒலிப்பதிவுக்கு என்று அவனுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தால், கூடத்தை நிறுவியது நான் என்ற வாக்கியம் நிற்காது.

அன்றைக்கு மைக் செட்டும் அவர்களுடையதுதான். "பள்ளிக்கூட விழாதானே" என்று அவன் அப்பாவிடம் பாதி வாடகைக்குப் பேசியிருந்தேன். பையன் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். நான் மேடையில், லூயி பிரெய்ல் தன் புள்ளி எழுத்து முறையைக் கண்டுபிடித்தபோது அவருக்கு வயது 15தான், சிறுவர்களின் திறமையைக் குறைத்து எடைபோடாதீர்கள் என்று முழங்கினேன். ஒலி பிசிறில்லாமல் கேட்டது என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

கதைகள் அடங்கிய பென்டிரைவை மேடையில் செயலாளரிடம் கொடுத்தோம். சில வாரங்கள் கழித்து அவர் போன் செய்தார். கதைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நாகரிகம் தெரிந்தவர். "அதுல டெஸ்ட்னு ஒண்ணு இருந்துச்சே சார், அது யாரு படிச்சது? எங்க பசங்க எல்லாரும் வாட்ஸ்அப்ல அதைத்தான் அனுப்பிக்கிறாங்க. வருஷம் ரெண்டு தடவை வருது பாருங்க, அப்படியே மனசுல நிக்குதாம். மெதுவா இருக்கறது பிரச்சினையே இல்ல, நாங்க வேகத்தைக் கூட்டிக் கேட்டுக்குவோம். மிச்சப் பாடம் எப்ப சார் வரும்?"

அந்தக் கோப்பை அழிக்க மறந்துபோய்ப் பென்டிரைவில் ஏற்றியிருந்தேன். யார் படித்தது என்ற கேள்விக்கு, "நம்ம ஸ்கூல் பையன்தான்" என்று சொல்லி மழுப்பினேன். மிச்சப் பாடத்தைப் பார்க்கிறேன் என்றேன். விண்ணப்பம் ஏற்கெனவே போய்விட்டது. அதன் பிறகு ஒரு பாடம் பதிவானாலும் ஒரு புத்தகம் பதிவானாலும் எனக்கு அதில் வரவு ஒன்றும் இல்லை. இதை எழுத்தில் பார்க்கும்போது கூசுகிறது. அன்றைக்கு என் கணக்கு அப்படித்தான் ஓடியது.

இதெல்லாம் ஆசைப்பட்டவன் செய்த அற்பத்தனம் என்று ஒதுக்கிவிடலாம். அடுத்துச் சொல்லப்போவதை அப்படி ஒதுக்க முடியவில்லை. முழு ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் அந்தப் பையன் ஆசிரியர் அறைக்கு வந்தான். டெஸ்ட் கோப்பு சுற்றிச் சுற்றி அவன் காதுக்கும் போயிருக்கிறது. "சார், அந்த மைக்கைக் கொஞ்ச நாளைக்குத் தாங்க சார். மிச்சப் பாடத்தையும் சாக்கு ரூம்ல வெச்சுப் படிச்சுக் கொடுத்துடறேன்." அந்த மைக் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏற்றிய பொருள், தணிக்கைக்குக் காட்ட வேண்டியது, பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. "முதல்ல நீ பரீட்சைக்குப் படிக்கிற வழியைப் பாரு" என்றேன். சரிங்க சார் என்று போய்விட்டான். வாசிக்கத் தடுமாறிய ஒரு பிள்ளை, பாடப்புத்தகத்தை முழுசாகச் சத்தம் போட்டுப் படிக்கிறேன் என்று தானாக வந்து கேட்கிறான். பரீட்சைக்குப் படி என்று சொல்லி அவனைத் திருப்பி அனுப்பியவன் வாத்தியார். எட்டாவது முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போனான். செயலாளரின் அழைப்புகளில் சிலவற்றை எடுத்தேன், சிலவற்றை விட்டுவிட்டேன். பிறகு எனக்கு மாறுதல் வந்தது.

இதை எழுத உட்காரும் முன் அவருக்குப் போன் செய்தேன். நடந்தது முழுவதையும் சொன்னேன், அடித்த பெயர் உட்பட. கொஞ்சம் கேட்டுவிட்டு, "அந்தப் பையன் யாருன்னு எங்களுக்கு எப்பவோ தெரியும் சார். எங்க ஆண்டு விழாவுக்கும் அவங்க செட்தான். குரலைக் கேட்டே பிடிச்சுட்டோம்" என்றார். அவன் இப்போது ராத்திரி பகலாகத் தொழிலில் இருக்கிறானாம், பாடம் படிக்க நேரமில்லையாம். வரலாறு வேறு யார் யாரோ படித்துக் கொடுத்து ஒரு வழியாக முடிந்துவிட்டது, புவியியல்தான் நிற்கிறது என்றார். "மேப் வர்ற இடத்துல எல்லாரும் 'படத்தைப் பார்க்க'ன்னு படிச்சுட்டுத் தாண்டிப் போயிடறாங்க சார். காவிரி எங்க கிளம்பி எந்தப் பக்கமா வளைஞ்சு வருதுன்னு வாயால சொல்லத் தெரிஞ்ச பிள்ளை உங்க இப்போதைய ஸ்கூல்ல யாராவது இருக்கா?"

பார்க்கிறேன் சார் என்றேன்.

"போன தடவையும் அதான் சொன்னீங்க" என்று சிரித்தார்.