அடியில் தங்கிய தண்ணீர்

ஒவ்வோர் ஆண்டும் என் பிறந்தநாளன்று வானொலியில் ஒரு கதை சொல்வேன். "நேயர்களே, நான் மருத்துவமனையில் பிறக்கவில்லை. பகாவ் பக்கத்தில் செம்மண் சாலையில் நின்றுபோன தோட்டத்து லாரியில் பிறந்தேன்!" என்று தொடங்கினால் போதும். அழைப்புகள் குவியும். "அப்போ உங்க பேரு லாரியம்மாவா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். 1988-இல் நடந்த அந்தக் கதையை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா மட்டும் அதைச் சொன்னதும் இல்லை, கேட்டுச் சிரித்ததும் இல்லை. அவர் சுபாவமே அப்படி என்று நினைத்திருந்தேன்.

கடந்த பள்ளி விடுமுறையில்தான் காரணம் தெரிந்தது. தெரியவைத்தது ஒரு பெட்ரோல் டாங்கி.

அப்பா தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். சேமநிதிப் பணத்தில் கொஞ்சம் எடுத்து, பழைய ஃபைபர் படகு ஒன்றும் 15 குதிரைசக்தி இஞ்சின் ஒன்றும் வாங்கினார். இரண்டும் தாசெக் பெராவில், செமலாய் நண்பர் ஒருவர் வீட்டில் இருக்கின்றன. பகாவிலிருந்து கெடிஸ் தோட்டம் வழியாகப் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தீபகற்ப மலேசியாவின் மிகப் பெரிய இயற்கை நன்னீர் ஏரி அது. 1994-இல் நாட்டின் முதல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. கறுத்த தண்ணீர், ரசாவ் தாழைப் புதர்கள், தோமான் மீன். அப்பாவுக்கு வேறு உலகம் தேவையில்லை.

முட்டி அறுவை சிகிச்சையால் ஆறு மாதம் அவர் அங்கே போகவில்லை. சிவப்பு நிற 25 லிட்டர் டாங்கி, பாதி பெட்ரோலோடு, வீட்டின் பின்புறம் துத்தநாகக் கூரையின் ஓரத்தில் கிடந்தது. கிளம்பும் காலையில் அப்பா சொன்னார்: "பாப்பா, அந்த எண்ணெய முதல்ல ஒரு போத்தல்ல ஊத்திப் பாரு."

நான் கைப்பேசியில் மறுநாள் நிகழ்ச்சியின் ஒலிப்பதிவைத் திருத்திக்கொண்டிருந்தேன். "பார்த்துட்டேன்பா" என்றேன். பார்க்கவில்லை.

இஞ்சின் முதல் இழுப்பிலேயே கிளம்பியது. குழாயிலும் கார்புரேட்டரிலும் புதிதாக மாற்றி வைத்த நல்ல பெட்ரோல் இருந்ததால் கொஞ்ச நேரம் ஓடியது. நடு ஏரியில் படகு திரும்பி ஆடியதும் இருமியது, திணறியது, நின்றது. மீண்டும் இழுத்தால் உயிர் இல்லை. என் எட்டு வயது மகன் முன்பக்கம் உட்கார்ந்திருந்தான். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அப்பா துடுப்பை எடுத்தார். முட்டி வளையாத மனிதர், ஒரு வார்த்தை பேசாமல் துடுப்புப் போட்டார். மழை எங்களைப் பிடித்த பிறகுதான் செமலாய் நண்பர் படகில் வந்து கயிறு வீசினார்.

இந்த வட்டாரத்துக்குப் படகு இழுப்பது புதிதல்ல. அந்தக் காலத்தில் மூவார் ஆற்றிலிருந்து ஜெம்போல் ஆற்றுக்குள் வந்தவர்கள், படகுகளைத் தரையில் இழுத்துக் கொண்டுபோய் செர்திங் ஆற்றில் இறக்கி, பகாங் ஆற்றைப் பிடித்தார்கள். அந்த வழிக்கே பெனாரிக்கான், அதாவது இழுக்கும் இடம் என்று பெயர். எங்களை இழுத்து வந்ததற்கோ என் சோம்பல்தான் காரணம்.

மழை விட்டதும் கரையில் அப்பா வேலையைத் தொடங்கினார். டாங்கியைப் படகிலிருந்து இறக்கி, ஒரு மூலை தாழ்ந்திருக்கும்படி சாய்த்து வைத்தார். அரை மணி நேரம் யாரையும் தொடவிடவில்லை. பெட்ரோல் லிட்டருக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ, தண்ணீர் ஒரு கிலோ. தண்ணீர் தானாகவே அந்தத் தாழ்ந்த மூலைக்குப் போய்ச் சேரும். பிறகு கண்ணாடி போன்ற குழாயை அந்த மூலை வரை விட்டு, கைப்பம்பால் காலி மினரல் வாட்டர் போத்தலில் எடுத்தார். போத்தலைத் தூக்கிக் காட்டினார். மேலே மஞ்சள் சாயல், கீழே கலங்கிய தண்ணீர், நடுவில் கோடு போட்டது போல் ஓர் எல்லை. போத்தலில் கோடே விழாத வரை மறுபடி மறுபடி எடுத்தார். பிறகு குழாயைக் காலி செய்து, ஃபில்டரைக் கழுவி, கார்புரேட்டரின் அடியிலுள்ள திருகைத் திறந்து வடித்தார். புதுப் பெட்ரோல் ஊற்றியதும் மூன்றாவது இழுப்பில் இஞ்சின் பேசியது.

"எப்படிப்பா தண்ணி வந்துச்சு?" மகன் கேட்க வேண்டியதை நான் கேட்டேன்.

பாதி காலியான டாங்கிக்குள் இருக்கும் காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து உள்சுவரில் வியர்க்கும். அது கொஞ்சம்தான். இவ்வளவு தண்ணீர் என்றால் மூடியில்தான் கோளாறு. மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தது. கூரையோரத்து மழை அதன் வழியாக இறங்கியிருக்கிறது.

செய்யக் கூடாதவற்றையும் சொன்னார். குழாயை வாயால் உறிஞ்சக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தேங்கி நிற்கும். அதனால் இந்த வேலையைத் திறந்த வெளியில், தரையில் வைத்தே செய்ய வேண்டும். பக்கத்தில் சிகரெட்டோ அடுப்போ கூடாது. வடித்ததை ஏரியில் கொட்டவே கூடாது. மூடிய டின்னில் எடுத்து வந்து, கழிவு எண்ணெய் வாங்கும் பட்டறையில் கொடுத்தோம்.

டீசலிலும் இதே கதைதான். மலேசியாவில் வாகன டீசலில் 2019-இல் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருளைக் கலக்கத் தொடங்கினார்கள். அது வெறும் டீசலைவிட ஈரத்தை அதிகம் பிடித்து வைக்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, சளி போன்ற அழுக்கு ஃபில்டரை அடைக்கும். விமானத்தையும் இது விட்டுவைக்கவில்லை. 2008 ஜனவரி 17-ஆம் தேதி, பெய்ஜிங்கிலிருந்து வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம், எரிபொருளிலிருந்த நீர் பனித்துகளாகி ஓட்டத்தை அடைத்ததால், ஹீத்ரோ ஓடுபாதைக்கு முன்பே விழுந்தது. 152 பேரும் உயிர் தப்பினார்கள். சிறிய விமானங்களை ஓட்டுபவர்கள் இன்றும் பறப்பதற்கு முன் இறக்கையின் அடியில் கொஞ்சம் வடித்துப் பார்க்கிறார்கள். அப்பாவின் போத்தல் வேலைதான்.

கைகளைத் துடைத்துக்கொண்டே அப்பா கேட்டார்: "பார்த்தேன்னு சொன்னியே, பாப்பா?"

நான் தலை குனிந்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஏரியைப் பார்த்தபடி சொன்னார்: "நானும் அப்படித்தான் சொன்னேன். நீ பொறந்த அன்னைக்கு."

தோட்டத்து ஸ்டோரில் டீசல் பீப்பாய்களை நிமிர்த்தி வெளியில் வைத்திருப்பார்களாம். மழைநீர் மேல்தட்டில் தேங்கும். பீப்பாய் குளிரும்போது மூடி வழியாக அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் தினமும் மாலையில் லாரி டாங்கியின் அடித்திருகைத் திறந்து ஒரு கிளாஸ் வடிக்க வேண்டும். அன்று அப்பா பந்து விளையாடப் போகும் அவசரத்தில் வடிக்கவில்லை. தண்டல் கேட்டபோது "வடிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டார். இரவு அம்மாவுக்கு வலி எடுத்தது. கோலப்பிலா மருத்துவமனைக்குப் போகும் வழியில் லாரி நின்றது. மருத்துவச்சி பாட்டி டார்ச் லைட் வெளிச்சத்தில் என்னை எடுத்தார். அம்மாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. வேறொரு வண்டி வர ஒரு மணி நேரம் ஆனது.

"உங்கம்மா பொழச்சது சாமி புண்ணியம். அதுக்கப்புறம் இன்னொரு புள்ள வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

நான் ஏன் ஒரே பிள்ளை என்பது அன்றுதான் தெரிந்தது.

"அம்மாவுக்குத் தெரியுமாப்பா?"

"மறுநாளே சொல்லிட்டேன். அவதான் இதைச் சிரிப்புக் கதையா மாத்தினா. எனக்காக."

ஊடகப் படிப்பில் 'கேட்டல்' பற்றித் தனிப் பாடமே படித்தவள் நான். பதினோரு ஆண்டுகளாக ஊரார் கதைகளை ஒலிவாங்கி வைத்துக் கேட்கிறேன். சொந்த வீட்டில் ஒருவர் சிரிக்காமல் இருந்ததன் காரணத்தை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஆண்டுதோறும் நான் ஒலிபரப்பிய நகைச்சுவையை அவர் அடுக்களை வானொலியில் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

இந்தப் பிறந்தநாளில் அந்தக் கதையைச் சொல்லவில்லை. "நீங்களே வந்து பேசுங்கப்பா" என்று அழைத்துப் பார்த்தேன்.

"எனக்கென்ன பேச்சு? தண்ணி வடிக்கிறத வேணும்னா எழுது. நாலு பேருக்கு உதவும்" என்றார்.

எழுதிவிட்டேன். டாங்கி மூடிக்குப் புது வாஷர் போட்டாகிவிட்டது. அடுத்த விடுமுறைக்குப் போகும்போது போத்தலைப் பிடிக்கப் போவது என் மகன். பார்த்ததாகச் சொன்னால் போதாது, எனக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.