கொடியைத் தள்ளி நடச் சொன்னேன்

அவர் என்னிடம் சொன்னார். நான் கேட்டேன். பிறகு, யாருமே சொல்லவில்லை என்று சொன்னேன்.

இந்த மூன்று வரியை ஒன்றரை வருடம் மறைத்து வைத்திருந்தேன். என் கணவரிடமும் மறைத்தேன். கடலில் பிழைத்த கதையை அவர் உறவினர் வீடுகளில் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். அந்தக் கதையில் கடற்கரைக் காவலர் ஒருவர் வருவார். பொறுப்பில்லாதவர், வேலை நேரத்தில் இடத்தில் இல்லாதவர். அந்த ஆளை உண்டாக்கியது நான். நிஜத்தில் அப்படி ஒருவர் இல்லை.

முழுவதையும் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

2022 ஐப்பசி. தீபாவளி முடிந்த வார இறுதி. மகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தையும் கல்பாக்கத்தையும் தாண்டிவிட்டால் கூட்டம் குறையும். கூவத்தூர், கடப்பாக்கம் பக்கமெல்லாம் சவுக்குத் தோப்பும் இடையிடையே மீனவர் குப்பமுமாக இருக்கும். அப்படி ஒரு தோப்புக்குள் ஒதுங்கியிருந்த விடுதி அது. வாசலைத் தாண்டினால் கடல். கண்ணுக்கெட்டிய வரை ஆள் கிடையாது என்று சொல்லித்தான் அறையைக் கொடுத்தார்கள். அந்தத் தனிமைக்காகத்தான் நானும் பணம் கட்டினேன்.

எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. பேச்சும் இல்லை. பள்ளிக் கட்டணம், வீட்டுக் கடன் தவணை, தண்ணீர் லாரி வந்ததா இல்லையா, அவ்வளவுதான் எங்கள் பேச்சு. விடுதியைத் தேடிப் பிடித்தது நான். அந்த இரண்டு நாளும் நன்றாக அமைய வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே இருந்தது. அதை அன்பு என்று சொல்லிக்கொண்டேன். பாதிதான் அன்பு. மீதி அகந்தை. நான் ஏற்பாடு செய்த ஒன்று தோற்கக்கூடாது.

சனிக்கிழமை நன்றாகவே போனது. மாலையில் ஆலம்பரைக் கோட்டைக்குப் போனோம். 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760-இல் ஆங்கிலேயர் பிடித்துச் சிதைத்த கோட்டை. மிச்சமிருக்கும் செங்கல் சுவர்கள் கழிமுகத்தைப் பார்த்தபடி நிற்கின்றன. சுவரில் ஏறும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இறங்கிய பிறகும் விடவில்லை. இரவு வெகுநேரம் பேசினோம். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இதை என் தரப்பு நியாயமாகச் சொல்லவில்லை. மறுநாள் காலை நான் எதைக் காப்பாற்றப் பார்த்தேன் என்பது தெரியட்டும் என்று சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை விட்டிருந்தது. வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் தொடங்கியிருந்தது. அவர் துண்டு எடுக்க அறைக்குப் போயிருந்தார். நான் மட்டும் கரையில் நின்றேன். காவலர் வந்தார். நாற்பது வயது இருக்கும். பக்கத்துக் குப்பத்துக்காரர். காக்கி அரைக்கால் சட்டை, தோளில் மிதவை, கையில் சிவப்புக் கொடி கட்டிய மூங்கில்.

"மேடம், இன்னிக்குத் தண்ணில இறங்காதீங்க. வாடை எடுத்துடுச்சு. ராத்திரி பூரா கரைய அறுத்திருக்கு. அதோ, அலையில்லாம கறுப்பா தெரியுது பாருங்க, அங்கதான் பள்ளம். வெள்ளம் வெளிய இழுக்குது. அந்தப் பக்கம் போகவே போகாதீங்க."

கையை நீட்டிக் காட்டினார். நானும் பார்த்தேன். "சரி, சரி" என்றேன்.

அவர் கொடியை நடுவதற்காக மணலில் மூங்கிலை ஊன்றினார். நாங்கள் நிற்கப்போகும் இடம் அது. எனக்கு எரிச்சலாக இருந்தது. "கொஞ்சம் தள்ளி நடுங்களேன், போட்டோ எடுக்கணும்" என்றேன். அவர் தயங்கினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டு வடக்கே நடந்தார். வேலியோரம் வரை போய் அங்கே நட்டார். போகும்போது ஒன்று சொன்னார்: "சார்கிட்டயும் சொல்லிடுங்க மேடம்." "சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை. மறந்துபோய்விட்டேன் என்று நானே பல இரவுகள் நம்பப் பார்த்தேன். மறக்கவில்லை. என் கணவர் எச்சரிக்கையை மதிக்கிறவர். சொல்லியிருந்தால், "அப்போ வேண்டாம்" என்று அறைக்குத் திரும்பியிருப்பார். மடிக்கணினியைத் திறந்திருப்பார். நேற்று இரவு கிடைத்தது கையை விட்டுப் போய்விடும் என்று பயந்தேன். அது ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. சொன்னவர் அரைக்கால் சட்டை போட்ட கூலியாள். அவர் சொல்லை நான் சொல்லாகவே எடுத்துக்கொள்ளவில்லை. விடுதிக்காரர்கள் தங்கள் பாதுகாப்புக்காக ஒப்பிக்கச் சொல்லும் வாசகம் என்று நினைத்தேன். கடலோரத்தில் பிறந்து வளர்ந்த ஒரு மனிதர், அன்று காலை கடலைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார் என்பது எனக்கு உறைக்கவில்லை. அதையே சட்டையை உள்ளே விட்ட மேலாளர் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன்.

என் கணவர் வந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. அலை பெரிதாக இருந்ததால் கரையிலேயே நின்றார். நான்தான் கை காட்டினேன். "அங்க பாருங்க, அங்க அலையே இல்ல. அங்க போய் நில்லுங்க, ஒரு போட்டோ எடுக்கறேன்."

அதே இடம். சற்று முன் எனக்குக் காட்டப்பட்ட அதே இடம்.

இப்படிப்பட்ட இடம் எப்படி உண்டாகிறது என்று பிறகு படித்தேன். கரைக்குக் கொஞ்சம் அப்பால் கடலுக்கடியில் மணல்திட்டு இருக்கும். அலைகள் அதன் மேல் உடைந்து தண்ணீரைக் கரைப்பக்கம் குவித்துக்கொண்டே இருக்கும். குவிந்த தண்ணீர் திரும்பிப் போக வேண்டும். திட்டில் பள்ளம் இருந்தால் அந்த வழியாக ஒடுங்கிப் பாயும். அங்கே ஆழம் அதிகம் என்பதால் அலை உடையாது. இரண்டு பக்கமும் நுரை பொங்க, நடுவில் மட்டும் அமைதியாகக் கறுத்துத் தெரியும். தெரியாதவர்கள் அதைத்தான் பத்திரமான இடம் என்று தேர்ந்தெடுப்பார்கள். அந்த ஓட்டம் சில சமயம் நொடிக்கு எட்டு அடி வேகத்தைத் தொடும். போட்டிகளில் நீந்துகிறவர்கூட அதை எதிர்த்து நேராகக் கரைக்கு வர முடியாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தித்தான் வெளியே வர வேண்டும். படித்தபின் என் குற்றம் எனக்குப் பெரிதாகத்தான் தெரிந்தது. நான் தெரியாதவள் இல்லை. எனக்கு இடத்தைக் காட்டியே சொல்லியிருந்தார்கள்.

முழங்கால் அளவுத் தண்ணீரில் அவர் திரும்பி நின்று சிரித்தார். நான் படம் எடுத்தேன். செல்பேசித் திரையில் அவர் சிறிதாகிக்கொண்டே போனார். பின்னால் நகர்கிறார் என்று நினைத்து, "போதும், அங்கேயே நில்லுங்க" என்று கத்தினேன். திரையிலிருந்து கண்ணை எடுத்தபோது அவர் தலை மட்டும் தெரிந்தது.

காவலர் ஓடி வந்தார். வேலியோரத்திலிருந்து ஓடி வந்தார். நான் தள்ளி அனுப்பிய தூரம் முழுவதையும் ஈர மணலில் ஓடிக் கடக்க வேண்டியிருந்தது. கொடியை முதலில் ஊன்றிய இடத்திலேயே அவர் இருந்திருந்தால் என் கணவர் முழங்கால் தண்ணீருக்கே போயிருக்க மாட்டார்.

மிதவையோடு பாய்ந்தார். இழுப்பிலேயே போய் என் கணவரைப் பிடித்தார். கரையை நோக்கி வரவில்லை, தெற்கே சாய்ந்தே போனார். விட்டுவிட்டுப் போகிறார் என்று நினைத்து நான் அலறினேன். அலை உடைகிற இடத்துக்கு வந்தபின்தான் கரைக்குத் திரும்பினார். கடைசியில் ஒரு பெரிய அலை இருவரையும் தூக்கி மணலில் அடித்தது. என் கணவர் மேலே, அவர் கீழே. அவருடைய வலது தோள் மூட்டு விலகியது. அந்த நிலையிலும் இடது கையால் என் கணவரின் சட்டையைப் பற்றியிருந்தார்.

நுரையீரலில் தண்ணீர் ஏறியிருந்ததால் என் கணவரை மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்து இரவு முழுவதும் கண்காணிப்பில் வைத்தார்கள். மாலைக்குள் என் மாமியாரும் மைத்துனரும் வந்துவிட்டார்கள். அம்மா மகளோடு வந்தார். எல்லாரும் தாழ்வாரத்தில் இருக்கும்போதுதான் விடுதி மேலாளர் வந்தார். அவருக்குப் பின்னால் காவலர், தோளில் கட்டோடு. காலையில் போட்டிருந்த அதே அரைக்கால் சட்டை, காய்ந்து உப்புப் பூத்திருந்தது.

"மேடம், எங்க ஆளு யாராவது உங்ககிட்ட சொன்னாங்களா? கொடி ஏன் அந்தக் கோடியில இருந்துச்சு?"

மாமியார் என் முகத்தைப் பார்த்தார். மகள் பார்த்தாள். உண்மை ஒரே வரிதான். அதைச் சொன்னால், என் கணவரைக் கடலுக்குள் அனுப்பியது நான் என்று அங்கேயே எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

"இல்ல. யாரும் எதுவும் சொல்லல" என்றேன்.

காவலர் என்னைப் பார்த்தார். "மேடம், நீங்கதானே கொடிய..." என்று ஆரம்பித்தார். மேலாளர் அவரைப் பேச விடவில்லை. நான் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

பதற்றத்தில் வாய்தவறி வந்த சொல் என்று இதையும் மன்னித்துவிட வழி இருந்தது, அடுத்து நடந்தது நடக்காமல் இருந்திருந்தால். சென்னை திரும்பியதும் என் கணவர் விடுதிக்குப் புகார் எழுதினார். அவர் எழுதியதில் பொய் இல்லை, என் வார்த்தையை நம்பி எழுதினார். அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தது நான். "எச்சரிக்கை எதுவும் தரப்படவில்லை" என்ற வாக்கியத்தை என் விரல்கள்தான் அடித்தன. அப்போது எனக்குப் பதற்றம் இல்லை. எழுத்துப்பிழை கூடப் பார்த்தேன்.

ஒன்றரை வருடம் போயிற்று. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. முன்னறிகுறி இல்லாமல் அலை பொங்கும் கள்ளக்கடலுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாட்கள் அவை. செய்தியைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் என் கணவர் சொன்னார்: "பாவம், அங்கயும் யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. நமக்கு நடந்த மாதிரிதான்." இறந்துபோன பிள்ளைகளின் கதைக்குள்ளும் என் பொய் போய் உட்கார்ந்துகொண்டதைக் கேட்டேன். அன்று இரவு சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "லெட்டர் டைப் பண்ணும்போதும் தெரியுமா?" "தெரியும்" என்றேன். தலையணையை எடுத்துக்கொண்டு மகள் அறைக்குப் போனார். மறுநாள் புகாரைத் திரும்பப் பெறும் கடிதத்தை அவரே எழுதினார். என்னைத் தட்டச்சு செய்யச் சொல்லவில்லை.

விசாரித்துக் குப்பத்துக்குப் போனோம். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்று காவலருடையது. புகார் போன கையோடு அவரை வேலையை விட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்து மற்ற விடுதிகளும் சேர்க்கவில்லை. ஆளைக் கடலில் விட்டவன் என்ற பேர் அவருக்கு முன்னால் போய்விட்டது. தோள் சரியாகக் கூடவில்லை. ஃபைபர் படகில் ஆளாகப் போகிறார். ஆனால் வலை இழுக்க வலது கை ஒத்துழைப்பதில்லை, அதனால் பங்கு குறைவு. அவருடைய மனைவி மீன் கூடையோடு பேருந்து ஏறுகிறார். முன்பு ஏறியதில்லை.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தபடி கேட்டார். அவர் மனைவிதான் பேசினார்: "அன்னைக்கு இத அங்கேயே சொல்லியிருந்தீங்கன்னா, கை போனாலும் இவரு பேரு போயிருக்காதும்மா." நான் பதில் சொல்லவில்லை. கொண்டுபோன பணத்தை அவர் தொடவில்லை. மனைவி வாங்கிக்கொண்டார், தோள் வைத்தியத்துக்கு என்று சொல்லி. மன்னித்தோம் என்று இருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

விடுதிக்கு நான் எழுதிய ஒப்புதல் கடிதத்துக்கு ஏற்கெனவே பதில் வந்திருந்தது: கோப்பில் சேர்த்துக்கொண்டோம், அந்தப் பணியிடம் நிரப்பப்பட்டுவிட்டது. அதை அவரிடம் சொன்னேன். அவர், தனக்குத் தமிழில் ஒன்று எழுதித் தரச் சொன்னார். வேறு விடுதிகளில் காட்ட, ஊர்ப் பஞ்சாயத்தில் படிக்க. அங்கேயே உட்கார்ந்து எழுதிப் படித்துக் காட்டினேன். அவர் எச்சரித்தார், நான் கொடியைத் தள்ளி நடச் சொன்னேன், நானே அந்த இடத்தைக் காட்டினேன், மருத்துவமனையில் பொய் சொன்னேன். எல்லாம் இருந்தது என்றுதான் நினைத்தேன்.

"சார்கிட்டயும் சொல்லிடுங்கன்னு சொன்னேன். அது விட்டுப்போச்சு" என்றார்.

சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கணவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு காவலர் மாமல்லபுரம் வரை போய்ச் சில விடுதிகளில் கேட்டிருக்கிறார். இதுவரை எங்கும் வேலை கிடைக்கவில்லை.