தகிட தக த தக

வி8 காருக்குச் சைலன்சர் மாற்றப்போகிறேன் என்று சொன்னால் முதலில் வரும் கேள்வி, "எது நல்லா சத்தம் போடும்?" என்பதுதான். கார் கம்பெனிகளை நம்பிப் பாதி ஊர் பிழைக்கும் எங்கள் மிச்சிகனிலும் அப்படித்தான் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியே பிடிப்பதில்லை. என்னிடம் இருப்பது 2012 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி., ஐந்து லிட்டர் வி8. அந்த இன்ஜினுக்கென்று ஒரு தாளம் இருக்கிறது. அது கெடாமல் பின்னால் வந்து சேர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தாளம் என்பதை எண்ணிப் பார்த்தே சொல்கிறேன். கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று முடிப்பதற்குள் எட்டு சிலிண்டரும் தலா ஒரு முறை வெடித்துவிடும். ஒவ்வொரு வெடிப்புக்கும் நடுவே 90 டிகிரி, எல்லாம் சம இடைவெளி. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையாக அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் சிலிண்டர்கள் வலப்பக்கம் நான்கு, இடப்பக்கம் நான்கு என்று பிரிந்து நிற்கின்றன. அவை முழுக்க மாறி மாறி வெடிப்பதில்லை. என் காரில் வரிசை இப்படி: வலம், இடம், வலம், இடம், இடம், வலம், இடம், வலம். வலப்பக்கத்தை மட்டும் தனியே எண்ணிப் பாருங்கள். மூன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று இடைவெளி விழும். கொன்னக்கோலில் சொன்னால் தகிட தக த தக. இடப்பக்கமும் இதையே சொல்கிறது, சரியாக அரை ஆவர்த்தனம் தள்ளி. சிக்னலில் நிற்கும் பழைய அமெரிக்க வி8 காரின் அந்தக் குமுறல், நெஞ்செலும்பில் வந்து இடிக்கிற அந்த ஏற்ற இறக்கம், இங்கேதான் பிறக்கிறது. ஃபெராரி வி8-இன் கிராங்க் வேறு அமைப்பு. அங்கே ஒவ்வொரு பக்கமும் தக தக தக தக என்று சீராகப் போகும். அதனால் உறுமலுக்குப் பதில் உச்சஸ்தாயியில் ஒரு வீறிடல். ஃபோர்டும் ஷெல்பி ஜிடி350 காரில் அப்படி ஒரு கிராங்கைப் போட்டு 8,250 ஆர்.பி.எம். வரை சுற்றவிட்டது. அருமையான இன்ஜின்தான். ஆனாலும் என் மனம் இந்தப் பக்கம்தான்.

இரட்டைப் புகைக்குழாயின் அருமை இந்தத் தாளத்தில்தான் இருக்கிறது. ஆதியில் அது வந்தது புகை தடையில்லாமல் வெளியேற, அதாவது பவருக்காக. காதுக்கு அது செய்யும் உபகாரம் வேறு: வலப்பக்கச் சொற்கட்டை ஒரு குழாயிலும் இடப்பக்கத்தை இன்னொன்றிலும் தனித்தனியே கொண்டுவருகிறது. இரண்டையும் தொடக்கத்திலேயே ஒரு குழாயில் கொட்டிவிட்டால் எட்டும் கலந்து பெரும்பாலும் சமனாகிவிடும். நான்கு சிலிண்டர் கார்களில் பம்பருக்கடியில் இரண்டு வாய் தெரிந்தால் ஏமாற வேண்டாம். ஒரே குழாய் கடைசியில் கிளை பிரிந்திருக்கும். பார்வைக்கு அழகு, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இந்த ஓசையின் அருமை தெரிந்த படம் ஒன்று உண்டு: 1968-இல் வந்த 'புல்லிட்'. அதில் சான் ஃபிரான்சிஸ்கோ மேட்டுத் தெருக்களில் ஒரு துரத்தல் வரும். பச்சை மஸ்டாங், கறுப்பு டாட்ஜ் சார்ஜர். துரத்தல் சூடுபிடிக்கும்போது லாலோ ஷிஃப்ரினின் இசை நின்றுவிடும். அப்புறம் இன்ஜினும் டயரும்தான். இசையை நிறுத்தத் துணிந்தவர்களுக்கு நான் கும்பிடு போடுவேன்.

இனி முக்கியமான விஷயம். இரண்டு குழாய்களையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் முழுக்கத் தனியாக ஓட்டினால் சத்தம் முரட்டுத்தனமாக, துண்டு துண்டாக வரும். ஆகவே நடுவில் ஓர் இணைப்பு வைப்பார்கள். எச் பைப் என்பது இரண்டுக்கும் குறுக்கே ஒரு சின்னப் பாலம். அழுத்தம் மட்டும் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்ச் சமனாகும். பெரும்பகுதிப் புகை தன் வழியில் போகும். தாளம் பிழைத்துக்கொள்ளும், கீழ்ஸ்தாயி கனமாக நிற்கும். எக்ஸ் பைப்பில் இரண்டு குழாயும் ஓரிடத்தில் ஒன்றோடொன்று கலந்து பிரியும். புகை ஓட்டம் சுலபம், அதிக வேகத்தில் கொஞ்சம் பவரும் கிடைக்கலாம். ஆனால் இரு பக்கத்துச் சொற்கட்டும் அங்கே கலந்துபோகிறது; குரல் மெலிந்து, மேலேறி, வழுவழுப்பாகிறது. பந்தயத்துக்குப் போகிறவர் எக்ஸ் போடட்டும். நான் ஃபோர்டு மாட்டி அனுப்பிய எச் பைப்பைத் தொடவே இல்லை.

எங்கள் பக்கம் ஒரு பெரியவர் எக்ஸாஸ்ட் கடை வைத்திருக்கிறார். அறுபதுகளின் கார் ஒன்றுக்குப் புதிதாகக் குழாய் போடும்போது எச் பைப் எங்கே வர வேண்டும் என்று அவர் கண்டுபிடித்த விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். காரை லிஃப்டில் தூக்கி, இரண்டு குழாயின் நீளத்துக்கும் சாதாரணக் கறுப்பு ஸ்ப்ரே பெயிண்டால் ஒரு கோடு இழுத்தார். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டு மிதித்தார். பெயிண்ட் புகைந்து, நாற்றமடித்து, ஓரிடத்தில் கொப்பளித்து உரிந்தது. அதற்கு அப்பால் கோடு அப்படியே நின்றது. அதிகம் கருகிய இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு, "இங்கேதான் வெட்டணும்" என்றார். சூடும் அழுத்தமும் மோதுகிற இடம் அது. கம்ப்யூட்டர் மாடலில் வேலை செய்யும் எனக்கு அன்றைக்கு அவர் கையிலிருந்த ஸ்ப்ரே டப்பா மேல் பெரிய மரியாதை வந்தது.

சைலன்சர் இரண்டு வகை. உள்ளே தகடு வைத்து அறை அறையாகத் தடுத்தது ஒன்று: ஒலியலைகள் தகட்டில் முட்டித் திரும்பி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். இன்னொன்று நேர்க்குழாய்: உடம்பெல்லாம் ஓட்டை போட்ட குழாய், சுற்றிலும் கண்ணாடி நார். கீச்சென்ற மேல்சத்தத்தை நார் உறிஞ்சிக்கொள்ளும், கீழ்ச்சத்தம் வெளியே வரும். அறை வைத்தது பழைய கார்களுக்குப் பொருத்தம் என்று சிலர் சத்தியம் செய்வார்கள். என் காதுக்கு அது தன் குரலையும் கூடச் சேர்த்துப் பாடுகிறது. நான் எடுத்தது நேர்க்குழாய், உடம்பு நீளமானது.

கடைக்காரர் சொல்லாமல் விடும் சங்கதி ஒன்று உண்டு. வண்டி நிற்கும்போது மயங்க வைக்கும் சத்தம், நெடுஞ்சாலையில் மணிக்கு 70 மைல் வேகத்தில் எதிரியாகிவிடும். ஆறாவது கியரில் அந்த வேகத்துக்கு என் இன்ஜின் சுமார் 2,000 ஆர்.பி.எம். சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு நான்கு வெடிப்பு. கணக்குப் போட்டால் நொடிக்கு ஏறக்குறைய 133. அந்தச் சுருதிக்குக் காரின் உட்புறமும் சேர்ந்து அதிர்ந்தால் ஊம் என்று ஓர் இரைச்சல் மண்டைக்குள் உட்கார்ந்துகொள்ளும். நண்பர் ஒருவரின் காரில் ஐ-94 வழியாகச் சிகாகோ போனபோது என் மனைவி பாதி வழியிலேயே, "என்னங்க, இதே மாதிரி நம்ம வண்டிக்கும் போட்டீங்கன்னா நான் ரயில்ல வந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். நியாயம்தானே.

அதற்கு மருந்து இருக்கிறது. குழாயின் பக்கவாட்டில், மறுமுனை அடைத்த ஒரு கிளைக்குழாயை ஒட்டவைப்பது. அலை உள்ளே போய் முட்டித் திரும்பி வரும்போது அரைச் சுழற்சி பிந்தியிருக்கும். எதிரே வரும் அலையைத் தானே அழித்துவிடும். கிளையின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு. சூடான புகையில் ஒலி காற்றில் போவதைவிட வேகமாகப் போகும் என்பதால், என் கணக்குக்கு அது முக்கால் மீட்டருக்கும் ஒரு மீட்டருக்கும் நடுவில் வந்தது. பெரியவர் வெட்டி, வெல்டு வைத்து, பின் ஆக்ஸிலைத் தட்டாமல் வளைத்துப் பொருத்திக் கொடுத்தார். அந்த ஒரு சுருதி மட்டும் போயிற்று. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது.

உலோகத்தில் கஞ்சத்தனம் கூடாது. இங்கே குளிர்காலத்தில் பனி உருகுவதற்காக ரோடெல்லாம் உப்புக் கொட்டுவார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே சுமார் 1,200 அடி ஆழத்தில் உப்புச் சுரங்கம் இருக்கிறது. சாதா இரும்புக் குழாயை அந்த உப்பு அரித்துத் தின்றுவிடும். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் சரி.

புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டால் குரல் இன்னும் திறக்கும் என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. அது சட்டப்படி குற்றம், சுத்திகரிக்காத அந்தப் புகையைச் சுவாசிப்பதும் தெருவில் விளையாடும் குழந்தைகள்தான். அக்கம்பக்கத்தாரின் தூக்கமும் கணக்கில் வரவேண்டும். ஃபோர்டின் பொறியாளர் ஒருவர் தன் வீட்டு வாசலில் ஜிடி350 காரை எடுத்தபோது பக்கத்து வீட்டார் போலீசைக் கூப்பிட்டுவிட்டார்களாம். அதன் பலனாக 2018 மஸ்டாங்கில், எக்ஸாஸ்ட் வால்வை மூடிவைத்துச் சுமார் 10 டெசிபல் குறைவாக ஸ்டார்ட் ஆகும்படி நேரம் குறித்துவைக்கும் வசதி வந்தது. 10 டெசிபல் என்றால் காதுக்குக் கிட்டத்தட்ட பாதிச் சத்தம். என் 2012 வண்டியில் அது இல்லை. அதனால் விடிகாலையில் கராஜில் நிறுத்தி உறுமவிடாமல், ஸ்டார்ட் ஆனதும் மெதுவாக உருட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்துவிடுவேன்.

ஆசையிருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால், தங்கள் இன்ஜினும் தாங்கள் வாங்க நினைக்கும் சைலன்சரும் இருக்கிற இன்னொரு காரில் ஜன்னலை ஏற்றிவிட்டு 2,000 ஆர்.பி.எம்.மில் அரை மணி நேரம் போய்ப் பார்க்கட்டும். அதற்கும் முன்னால் டெட்ராய்ட் பக்கத்து வூட்வர்ட் அவென்யூவுக்கு வரட்டும். 1995 முதல் ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமையில் அங்கே கார் ஊர்வலம் நடக்கிறது. எச், எக்ஸ், அறை, நேர்க்குழாய் எல்லாம் அடுத்தடுத்து, மெதுவாக, கைக்கெட்டும் தூரத்தில் போகும். மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து நடைபாதையில் போட்டுக்கொண்டால் போதும். பிடித்த சத்தம் வந்ததும் எழுந்து போய்க் காரின் சொந்தக்காரரிடமே கேட்கலாம். எல்லாரும் சந்தோஷமாகச் சொல்வார்கள்.