மென்லிகன் சரிவில் இரண்டு கோடுகள்

பேர்ண் பாராளுமன்றக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற மேடையில் நின்றால், வானம் தெளிந்த நாளில் ஐகர், மொன்ஷ், யுங்ஃப்ராவ் மூன்று மலைகளும் வரிசையாகத் தெரியும். இந்த நகரத்தில் வளர்ந்த எங்கட தலைமுறைக்கு அவை நெடுநாளாகத் தூரத்துப் படம்தான். அப்பா உணவகச் சமையலறையில் நின்றார், சனி ஞாயிறும் வேலை. குளிர்கால மலை என்றால் பாடசாலை கூட்டிக்கொண்டு போகிற பனிச்சறுக்கு முகாம், அவ்வளவுதான். இப்போது எங்கட பிள்ளைகள் முகாம் முடிந்து வந்து, "அடுத்த முறை நீங்களும் வாங்கோ" என்கிறார்கள். அப்படித்தான் முப்பத்தாறு வயதில் நான் ஸ்கீ சப்பாத்துப் போட்டேன்.

நாங்கள் போகிற இடம் கிறிண்டல்வால்டுக்கு மேலே உள்ள மென்லிகன். பேர்ணிலிருந்து ரயிலில் இன்டர்லாக்கன் ஒஸ்ட், அங்கே மாறி கிறிண்டல்வால்ட் டெர்மினல், பிறகு கேபிள் பெட்டியில் ஏறத்தாழ 20 நிமிடம். கதவு திறந்தால் 2,200 மீற்றருக்கு மேலே நிற்பீர்கள். எதிரே ஐகரின் வடக்குச் சுவர். மலைமுகட்டின் மறுபக்கம் வெங்கன். 1930 முதல் லவுபர்ஹோர்ன் போட்டி நடக்கிற ஊர். 2013இல் பிரெஞ்சு வீரர் யொஹான் கிளாரே அங்கே மணிக்கு 161.9 கிலோமீற்றர் வேகம் தொட்டார். எங்கட கதை அதைவிடக் கனக்க மெதுவானது.

சுவிஸில் நீலப் பாதை இலகு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். மூன்று குளிர்காலம் பழகினபிறகு எந்த நீலப் பாதையிலும் இறங்குவேன், சிவப்பிலும் சமாளிப்பேன். ஆனால் நின்று திரும்பிப் பார்த்தால், என் தடம் தும்புத்தடியால் கூட்டின மாதிரி அகலமாகக் கிடக்கும். குதிக்காலால் ஸ்கீயைத் தள்ளித் தள்ளித் திருப்புகிறதால் வருகிற தடம் அது. பதினொரு வயது மகன் விட்டுப் போன தடமோ இரண்டு மெல்லிய கோடுகள், தண்டவாளம் போல. அதுதான் கார்விங். நடுத்தரத்தில் நிற்கிறவர்கள் எல்லாரும் ஆசைப்படுவது அந்த இரண்டு கோடுகளுக்குத்தான்.

இரகசியம் ஸ்கீயின் வடிவத்தில் இருக்கிறது. முன்னும் பின்னும் அகலம், இடுப்பு ஒடுக்கம். 1990களில்தான் இந்த ஆழமான இடுப்பு வளைவு பரவியது. அதற்கு முந்தைய ஸ்கீகள் கிட்டத்தட்ட நேர்ப்பலகைகள். இந்த வடிவத்தை ஒரு பக்கம் சரித்து அதன்மேல் பாரத்தைக் கொடுத்தால், பலகை வில்லாக வளைந்து தானே வட்டம் போடும். எவ்வளவு வட்டம் என்பதை மீற்றரில் ஸ்கீயிலேயே எழுதியிருப்பார்கள். பழகுகிறவர்களுக்கு 12 முதல் 15 வரை நல்லது. கூடச் சரித்தால் வட்டம் இன்னும் சிறுக்கும்.

இதைக் கையைப் பிடித்துக் காட்டித் தந்தவர், அறுபது தாண்டிய ஒரு உள்ளூர்ப் பயிற்சியாளர். முதல் பாடத்தில் கீழே இறங்கவே விடவில்லை. சரிவுக்குக் குறுக்காக ஓடவிட்டு, கணுக்காலையும் முழங்காலையும் மலைப்பக்கம் சாய்க்கச் சொன்னார். ஒன்றையும் தள்ளாமல் நின்றேன். ஸ்கீ தானே மேல்நோக்கி வளைந்து, தானே நின்றது. பதினைந்து தடவையாவது செய்திருப்பேன். இரண்டு பக்கமும் பழகினபிறகுதான் முழுத் திருப்பம்.

முழுத் திருப்பத்தில் ஒரு இடம் இருக்கிறது. ஸ்கீயின் முனை நேராகப் பள்ளத்தாக்கைப் பார்க்கிற அந்த ஒரு செக்கன். வேகம் கூடும், வயிறு கலங்கும். உடனே குதிக்காலைத் தள்ளி வெட்டச் சொல்லி உடம்பு கெஞ்சும். தள்ளினால் கார்விங் இல்லை, பழைய தும்புத்தடிதான். பயிற்சியாளர் பேர்ண் ஜெர்மனில், "காத்திரு, காத்திரு" என்று கத்திக்கொண்டே வந்தார். எனக்குள் அது "பொறு" என்றுதான் கேட்டது, அம்மம்மாவின் குரலில். தமிழில் அந்தச் சொல்லுக்குக் காத்திருப்பதும் பாரம் தாங்குவதும் இரண்டும் பொருள். இந்த இடத்தில் செய்யவேண்டியதும் அந்த இரண்டும்தான்: வெளிக்கால் பாரத்தைத் தாங்கவேணும், மற்றதெல்லாம் காத்திருக்கவேணும். வட்டத்தை முடிக்க விட்டால் ஸ்கீ மறுபடி சரிவுக்குக் குறுக்கே வரும், வேகமும் தானே அடங்கும். இங்கே பிரேக் என்பது திருப்பத்தை முழுதாக முடிப்பதுதான்.

அன்று பின்னேரம் மகன் பின்னால் நின்று, "அம்மா, கோடு! கோடு!" என்று கத்தினான். நாலு திருப்பம்தான், அதற்குப் பிறகு குழம்பிவிட்டது. அந்த நாலும் போதும்.

இந்த வயதில் ஏன் இந்தக் கஷ்டம் என்று சொந்தக்காரர் கேட்கிறார்கள். அப்பா, முகாமுக்குப் போன என்னை ஏற்றவும் இறக்கவும் வந்து, பஸ் நிற்கிற இடத்தில் காத்து நின்றவர். அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. எனக்கு இருக்கிறது. இன்னும் இரண்டு வருடத்தில் மகன் சிநேகிதர்களோடு மேலே போய்விடுவான். நான் கீழே தேநீர்க் கடையில் இருந்தால், அவன் உலகத்தின் ஒரு துண்டு எனக்குத் தெரியாமலே போய்விடும். கதிரை லிஃப்டில் மூன்று பேரும் ஒட்டியிருக்கிற அந்தப் பத்து நிமிடத்தில், கையுறை போட்ட கை ஃபோனைத் தொடாது. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வராத கதையெல்லாம் அங்கே தமிழும் ஜெர்மனும் கலந்து வரும்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். காலை வேளையில் போங்கள். இயந்திரம் சீவிவிட்ட பனி கோடு கோடாக இருக்கும், விளிம்பு நல்லாகப் பிடிக்கும். பழகுவதற்கு உங்களுக்குச் சலிப்புத் தட்டுகிற அளவு இலகுவான நீலப் பாதையே சரி. வாடகைக் கடையில் விளிம்பு தீட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கு முழு சீசனுக்கும் வாடகைக்கு எடுப்பது லாபம். கார்விங்கில் பாதையின் அகலம் முழுக்கப் போவீர்கள், அதனால் தொடங்குமுன் மேலேயும் பாருங்கள். முன்னால் போகிறவருக்கே முன்னுரிமை.

பாடசாலை முகாமுக்குக் காசு கூட என்று தயங்குகிறவர்களும் உண்டு. கட்டாய முகாம்களுக்குப் பெற்றோரிடம் சாப்பாட்டுச் செலவாக, பிள்ளையின் வயதைப் பொறுத்து, நாளுக்கு ஆகக்கூடியது 10 முதல் 16 பிராங்க்தான் கேட்கலாம் என்று 2017 டிசம்பரில் சுவிஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பிள்ளையை அனுப்புங்கள். அவர்கள் திரும்பி வந்து "நீங்களும் வாங்கோ" என்றால், முழங்கால் விடுகிற வரைக்கும் போய்ப் பாருங்கள்.