கடல் பார்க்கப் போய் அம்மனைப் பார்த்தோம்

வியட்நாமின் நா திராங் நகருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கடலுக்காகவே போகிறார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம். பிறை வடிவில் ஆறு கிலோமீட்டருக்கு நீளும் வெள்ளை மணல், அதை ஒட்டியே ஓடும் திரான் ஃபூ சாலை, சாலையின் மறுபுறம் வரிசையாக நிற்கும் உயர்ந்த ஹோட்டல்கள். எதிரே ஹோன் திரே தீவுக்குக் கடலின் மேலேயே கேபிள் கார் போகிறது. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு மூன்று நாள் போதாது.

ஆனால் என்னோடு வந்தவர் 71 வயது அம்மா. தண்ணீரில் இறங்கமாட்டார். முதல் நாள் முழுவதும் குடையின் கீழ் உட்கார்ந்து கடலைப் பார்த்தவர், மாலையில் சொன்னார்: "கடல் நல்லாத்தான் இருக்கு. ஆனா நாளைக்கும் இதே கடல்தானே?"

ஹோட்டல் வரவேற்பறையில் அரை நாள் நகர்ச் சுற்றுலாவுக்குப் பதிந்துகொண்டேன். காலை எட்டு மணிக்கு வேன் வந்து ஏற்றிக்கொள்ளும், பன்னிரண்டரைக்குத் திரும்பக் கொண்டுவந்து விடும். ஐந்து இடங்கள். பொதுவாக இப்படிப்பட்ட சுற்றுலாக்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. இறங்கு, படம் எடு, ஏறு என்று விரட்டுவார்கள். அம்மாவுக்குப் பொழுது போனால் சரி என்றுதான் பணம் கட்டினேன்.

மறுநாள் பசியாறிவிட்டு வாசலுக்கு வந்தபோது வேன் தயாராக நின்றது. எங்களையும் சேர்த்து ஒன்பது பேர். வழிகாட்டி ஓர் இளம்பெண், ஆங்கிலம் நன்றாகப் பேசினார். முதலில் நகரின் வடக்கே ஹோன் சோங் என்ற இடம். கடலுக்குள் நீண்டு கிடக்கும் பெரும் பாறைக் குவியல். தேவதைகள் நீராடுவதை ஒளிந்து பார்த்த ஓர் அரக்கன் கால் தவறிப் பாறையைப் பிடித்தானாம், அவன் கைத்தடம்தான் இது என்று ஒரு பாறையைக் காட்டுகிறார்கள். ஐந்து விரல்கள் பதிந்தது போலத்தான் இருக்கிறது. "அவனுக்கு நல்லா வேணும்" என்றார் அம்மா. படம் எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

அடுத்து போ நகர். வேன் காய் ஆற்றின் முகத்துவாரத்தை நெருங்கும்போதே அம்மா சன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துவிட்டார். ஆற்றில் நீல வண்ண மீன்பிடிப் படகுகள். கரையோரக் குன்றின்மேல், மரங்களுக்கு நடுவே, சிவந்த செங்கல் கோபுரங்கள்.

"கோவில் மாதிரி இருக்கே?"

கோவிலேதான். நா திராங் ஒருகாலத்தில் சம்பா நாட்டின் ஒரு பகுதி. கௌதாரம் என்று அதற்குப் பெயர். சாம் மக்கள் அங்கே சிவனையும் அம்மனையும் வழிபட்டார்கள். இந்தக் குன்றில் முதலில் இருந்தது மரக்கோவில். கடல்வழி வந்தவர்கள் 774-இல் அதை எரித்துக் கொள்ளையடித்தார்கள். பத்தாண்டுகளில் சத்தியவர்மன் என்ற மன்னன் செங்கல்லால் திரும்பக் கட்டினான். பத்தாம் நூற்றாண்டில் ஒரு மன்னன் பகவதிக்குப் பொன் சிலை வைத்தான். அதைக் கெமர் படை தூக்கிச் சென்றது. 965-இல் அந்த இடத்தில் கல் சிலை வைக்கப்பட்டது. பொன்னுக்கு ஆசைப்பட்டவர்கள் இருந்தார்கள், கல்லைத் தூக்கிப் போக யாருக்கும் மனம் வரவில்லை போலும்.

அடிவாரத்தில் செங்கல் தூண்கள் நிற்கும் மேடை இருக்கிறது. பெரியவை பத்து, சிறியவை பன்னிரண்டு. கூரை எப்போதோ போய்விட்டது. அந்த மேடையின் பெயர் என்ன என்று கேட்டேன். "மண்டபா" என்றார் வழிகாட்டிப் பெண். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பக்கத்துப் படிகளில் மெல்ல ஏறினோம். மேலே நான்கு கோபுரங்கள் எஞ்சியிருக்கின்றன. பெரியது 20 மீட்டருக்கு மேல் உயரம். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சாந்து பூசிய அடையாளமே கண்ணுக்குத் தெரியவில்லை. வாசலின் மேலே நான்கு கைகளோடு ஒரு நடனச் சிற்பம், அதன் பக்கத்தில் குழல் ஊதுபவர்கள். வாசலின் கல் நிலைகளில் பழைய எழுத்துகள். உள்ளே போக வேண்டுமானால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அரைக்கால் சட்டைக்காரர்களுக்குச் சாம்பல் நிற நீள அங்கி தருகிறார்கள். சேலையில் இருந்த அம்மாவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே இருட்டு, ஊதுபத்திப் புகை, சூடு. கண் பழகியதும் அம்மன் தெரிந்தாள். பத்துக் கைகளோடு அமர்ந்த கல் சிலை. ஆனால் பட்டு அங்கி போர்த்தி, கிரீடம் வைத்து, முகத்துக்கு வண்ணம் தீட்டி, பார்வைக்கு முழுக்க ஒரு வியட்நாமியத் தாயாகவே இருந்தாள். முன்னால் பூவும் பழமும் குவிந்து கிடந்தன. தரையில் மண்டியிட்டு ஒரு குடும்பம் வேண்டிக்கொண்டிருந்தது.

வியட்நாமியர்கள் அவளைத் தியென் யி ஆ நா என்கிறார்கள். அவர்கள் சொல்லும் கதையில் அவள், வாரிசு இல்லாத விறகுவெட்டித் தம்பதி தோட்டத்தில் கண்டெடுத்து வளர்த்த பெண். ஒரு வெள்ளத்தின்போது மிதந்து வந்த அகில் கட்டைக்குள் புகுந்து கடலில் மிதந்து வடக்கே சீனத்துக் கரையை அடைந்தாள். இளவரசன் மணந்துகொண்டான். இரண்டு பிள்ளைகள். ஆனால் வீட்டு நினைப்பு விடவில்லை. மறுபடி அதே அகில் கட்டைக்குள் பிள்ளைகளோடு புகுந்து திரும்பி வந்துவிட்டாள். ஊராருக்கு உழவும் நெசவும் சொல்லிக் கொடுத்தாள். இக்கதையை ஃபான் தான் ஸான் என்ற உயரதிகாரி 1856-இல் எழுத, கல்லில் பொறித்து இந்த வளாகத்திலேயே வைத்திருக்கிறார்கள். சிவலிங்கம் உள்ள கோபுரம் இப்போது அவளுடைய கணவருக்கு உரியது. இன்னொன்றில் பிள்ளைகள். வளர்த்த பெற்றோருக்கும் ஒரு சன்னதி உண்டு.

"பொறந்த வீட்டுக்கே வந்துட்டாளா?" என்று கேட்டுவிட்டு அம்மா கைப்பையைத் திறந்தார். எப்போதும் வைத்திருக்கும் குங்குமச் சிமிழை எடுத்து, பூசை மேசையைக் கவனித்துக்கொண்டிருந்த மூதாட்டியிடம் நீட்டினார். அந்த அம்மாள் புன்னகையோடு தலையசைத்து மறுத்துவிட்டார். அம்மாவின் முகம் வாடியது. ஆனால் அவர் உடனே திரும்பி, படையல் தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து இரு கைகளாலும் அம்மாவிடம் நீட்டினார். "லோக்" என்றார். சாமிக்குப் படைத்துப் பக்தருக்குத் திருப்பித் தருவதற்கு அங்கே அதுதான் பெயர் என்று வழிகாட்டிப் பெண் விளக்கினார். அம்மாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வெளியே வந்ததும் என் மனத்தில் ஒரு பெருமை எழுந்தது. பார்த்தாயா, இவ்வளவு தூரத்தில் நம் கோவில்! வீட்டுக்குப் போய் எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று வாக்கியம்கூடத் தயார் செய்துவிட்டேன். அந்த நினைப்பு பத்து நிமிடம்கூட நிலைக்கவில்லை.

வளாகத்தின் ஒரு மூலையில் ஒரு சாம் பெண்மணி தறி நெய்துகொண்டிருந்தார். சுற்றுலாப் பயணிகள் அவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊர் ஃபான் ராங் பக்கம், தெற்கே சுமார் 100 கிலோமீட்டர். அங்கே சாம் இந்துக்கள் இன்றும் இருக்கிறார்கள். சாம் மொழி மலாய்க்கு உறவு என்று எங்கோ படித்த நினைவு வந்தது. எண்களைச் சொல்லச் சொல்லுங்கள் என்று வழிகாட்டியிடம் கேட்டேன். அந்தப் பெண்மணி தறியை நிறுத்திவிட்டு விரல்களை மடக்கினார்.

"ஸா, துவா, க்லாவ், பாக், லிமா, நாம், தஜூ..."

அம்மா சட்டென்று கூடவே எண்ண ஆரம்பித்தார். "சத்து, டுவா, தீகா, எம்பாட், லீமா, ஈனாம், துஜூ..." ஏழு வரைக்கும் இருவரும் ஒன்றாக எண்ணினார்கள். அம்மா தம் கண்ணைத் தொட்டு "மாத்தா" என்றார். அவரும் தம் கண்ணைத் தொட்டு அதையே சொன்னார். என்னைக் காட்டி "ஆனாக்" என்றார் அம்மா. அதுவும் புரிந்தது. இருவரும் சிரித்த சிரிப்பில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கோவிலைப் பார்த்து 'நம்முடையது' என்று நான் நினைத்தேன். அந்தப் பெண்மணியோடு எங்களைச் சேர்த்துவைத்ததோ, அம்மா சிறுவயதில் தோட்டத்துக் கடையிலும் கம்போங்கிலும் பேசிப் பழகிய மலாய். இது நம் கோவில் இல்லை. இவர்களுடைய கோவில். 1653-இல் வியட்நாமியப் பிரபுக்கள் இந்தப் பகுதியைப் பிடித்தார்கள். 1832-இல் சம்பாவின் மிச்சமும் போயிற்று. இந்தக் குன்றைக் கட்டியவர்களின் வழிவந்த ஒருவர் இன்று தம் கோவிலின் ஓரத்தில் ஒரு காட்சிப் பொருளாக உட்கார்ந்திருக்கிறார். அது எனக்கு உறுத்தியது. ஆனால் சந்திர மாதக் கணக்கில் மூன்றாம் மாதம் நடக்கும் திருவிழாவுக்குச் சாம் மக்களும் வியட்நாமியரும் சேர்ந்தே வருகிறார்கள். அன்று சிலையைக் குளிப்பாட்டிப் புது ஆடை சாத்துகிறார்கள்.

நாற்பது நிமிடம் முடிந்தது. வேன் கிளம்பியது.

லோங் சோன் பௌத்த ஆலயத்தில் மலையுச்சி வரை படிகள். உச்சியில் வெள்ளைப் புத்தர். பீடத்தோடு சேர்த்து 24 மீட்டர். பீடத்தைச் சுற்றிலும், 1963-இல் அன்றைய தென் வியட்நாம் அரசின் அடக்குமுறையை எதிர்த்துத் தீக்குளித்த துறவிகளின் முகங்களைப் பொறித்திருக்கிறார்கள். அம்மா பாதிப் படியில் நின்றுவிட்டார், நான் மட்டும் ஏறி வந்தேன். பிறகு 1928-இல் தொடங்கி 1933-இல் முடிந்த கல் தேவாலயம். அப்புறம் டாம் சந்தை. கருவாடும் காய்ந்த கணவாயும் மலிவு. ஆனால் அம்மா ஒன்றும் வாங்கவில்லை. கைப்பையில் வாழைப்பழம் நசுங்கிவிடக்கூடாது என்பதிலேயே குறியாக இருந்தார்.

திரும்பும் வழியில், கடற்கரைச் சாலையில், பாஸ்டர் ஆய்வுக்கழகத்தை வழிகாட்டிப் பெண் காட்டினார். 1894-இல் ஹாங்காங்கில் பிளேக் கிருமியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் யெர்சன் மறு ஆண்டே இங்கே ஆய்வுக்கூடம் தொடங்கி, 1943-இல் இறக்கும்வரை இந்த ஊரையே வீடாக்கிக்கொண்டவர். "பக்கத்தில் ரப்பர் மரங்களும் நட்டார்" என்றார் அவர்.

"கித்தாவா?" அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிறகுதான் பேசினார். பேராக்கில் அவர் பிறந்த கித்தா தோட்டத்தில், லயத்துக்குப் பின்னால் ஒரு மாரியம்மன் கோவில் இருந்தது. விடியற்காலை மரம் சீவப் போகும்முன் பாட்டி அங்கே விளக்கு ஏற்றுவாராம். தோட்டம் விலைபோனது. மக்கள் ஆளுக்கொரு பட்டணத்துக்குப் போனார்கள். அம்மனை லாரியில் ஏற்றி, ஓர் ஊர்க் கோவிலின் வெளிப் பிரகாரத்தில் இறக்கினார்கள். பழைய இடத்தில் இப்போது தாமான். இதெல்லாம் எனக்கு ஓரளவு தெரியும். தெரியாதது, அம்மா அந்த ஊர்க் கோவிலுக்கு இதுவரை ஒருமுறைகூடப் போனதில்லை என்பது.

"ஏம்மா போகல?"

"அங்க ஒரு மூலையில, யாரோ மாதிரி உக்காந்திருப்பா. அதப் பாக்க முடியாதுன்னுதான்."

கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவளுக்கு மட்டும் என்ன? பேரும் மாறிப்போச்சு, துணியும் மாறிப்போச்சு. கட்டுனவங்க ஒரு பக்கம், கும்பிடுறவங்க ஒரு பக்கம். ஆனா யாரோ பழம் வச்சுக்கிட்டுத்தானே இருக்காங்க."

பன்னிரண்டரைக்குச் சொன்னபடி ஹோட்டல் வாசலில் இறக்கிவிட்டார்கள். அறைக்குப் போகாமல் சாலையைக் கடந்து மணலில் உட்கார்ந்தோம். அம்மா வாழைப்பழத்தை உரித்து எனக்குப் பாதி கொடுத்தார். வெயிலில் கொஞ்சம் கனிந்துபோயிருந்தது.

"ஊருக்குப் போனதும், அந்தக் கோவிலுக்கு ஒருநாள் கூட்டிட்டுப் போறியா?" என்றார்.

சென்ற மாதம் போய் வந்தோம். மூலையில்தான் இருக்கிறாள். யாரோ செம்பருத்தி சாத்தியிருந்தார்கள். அம்மா சிமிழைத் திறந்து குங்குமம் வைத்தார். அங்கே யாரும் தடுக்கவில்லை.

போகிறவர்களுக்கு:

நா திராங்குக்கான விமான நிலையம் காம் ரானில் இருக்கிறது. நகரிலிருந்து தெற்கே சுமார் 35 கிலோமீட்டர். மலேசிய, சிங்கப்பூர் கடப்பிதழ் உள்ளவர்கள் 30 நாள் வரை விசா இன்றித் தங்கலாம். அங்கே நேரம் நம்மைவிட ஒரு மணி பின்னால். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை அதிகம், பிப்ரவரிக்குப் பிறகு நல்ல வெயில். போ நகருக்கு நாங்கள் போனபோது நுழைவுக் கட்டணம் 30,000 டொங், நம் பணத்தில் ஐந்து ரிங்கிட்டைச் சுற்றி. வெயிலுக்கு முன், காலையிலேயே போவது நல்லது. முதியவர்களுக்குப் போ நகர்ப் படிகள் சிரமம் இல்லை, லோங் சோன் படிகள் சிரமம். சுற்றுலா வேன் தரும் நேரம் போதவில்லை என்றால், மாலையில் டாக்சி பிடித்துப் போ நகருக்கு மட்டும் இன்னொரு முறை போய் வாருங்கள்.