பழி பிராசஸர் மீது

போனக்காடு, ஜூன் 3

பள்ளி திறந்துவிட்டது, தென்மேற்குப் பருவமழையும் தொடங்கிவிட்டது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருந்த பழைய கம்ப்யூட்டர்களை மறுபடி இயக்கும் நாட்கள் இவை. இயக்கியதும் கறுப்புத் திரையில் ஓர் எச்சரிக்கை வரலாம். பிராசஸர் மாற்றப்பட்டிருக்கிறது அல்லது அதன் அமைப்புகள் சரியில்லை, செட்டப்புக்குள் போய்ப் பார், இல்லையென்றால் எஃப்1 அழுத்தித் தொடரு என்பது அதன் சாரம். மதர்போர்டுக்கு மதர்போர்டு வாசகம் மாறும். படிப்பவர் கண்ணில் நிற்பது பிராசஸர் என்ற ஒரு சொல்தான். உடனே பிராசஸர் போய்விட்டது, இனி இந்தப் பெட்டி உதவாது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

நகரத்தில் இந்த முடிவு ஒரு கடைப் பயணத்தோடு தீர்ந்துவிடும். அகத்தியமலைச் சரிவிலுள்ள போனக்காட்டில் அப்படியல்ல. தேயிலைத் தோட்டம் பல ஆண்டுகளாக முடங்கிக் கிடக்கிறது, தொழிலாளர்களின் சம்பள பாக்கி தீரவில்லை. பழுது பார்க்க விதுரைக்கோ நெடுமங்காட்டுக்கோ மலையிறங்க வேண்டும். திருவனந்தபுரம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் தவறான தீர்ப்பால் மூலைக்குப் போனால் அதற்கு மாற்று வருவது எளிதில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். பெரும்பாலான பழைய பெட்டிகளில் இந்த எச்சரிக்கை பறிகொடுத்தவனின் பெயரைச் சொல்கிறதே தவிர, களவாடியவனின் பெயரைச் சொல்வதில்லை. களவு போனது பிராசஸரின் அமைப்புகள். காரணம், மதர்போர்டில் செருகியிருக்கும் ஒரு பட்டன் பேட்டரி.

ஜூன் 5

பேட்டரி தீர்ந்தால் பிராசஸர் பெயர் ஏன் வர வேண்டும்? 1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் அமைப்புகளைச் சிறு ஸ்விட்சுகளை மேலும் கீழும் தள்ளி வைத்தார்கள். ஸ்விட்ச் எதையும் மறக்காது. 1984இல் வந்த பிசி ஏடி மாடலில் மோட்டோரோலாவின் கடிகாரச் சில்லு ஒன்று இருந்தது. அதிலிருந்த 64 பைட் நினைவகத்தில் நேரமும் அமைப்புகளும் சேர்ந்தே குடியிருந்தன. மின்சாரம் இல்லாதபோது அவற்றைக் காத்தது பேட்டரி. அமைப்புகளைக் கூட்டி வந்த ஒரு சரிபார்ப்பு எண்ணும் அங்கேயே இருக்கும். இயங்கத் தொடங்கும்போது, கம்ப்யூட்டரை எழுப்பும் நிரலான பயாஸ் மறுபடி கூட்டிப் பார்க்கும். கணக்கு ஒத்துவரவில்லை என்றால் அந்த நினைவை நம்பாது, பொது அமைப்புகளுக்குத் திரும்பிவிடும்.

இந்த ஏற்பாட்டுக்குள் பிராசஸரின் வேகம் வந்து சேர்ந்தது பிறகுதான். அதுவரை ஜம்பர் என்னும் சிறு மூடிகளைப் பின்களில் மாட்டி வேகத்தை அமைத்தார்கள். 1990களின் பின்பாதியில் தைவானின் அபிட் நிறுவனம் சாஃப்ட்மெனு என்ற பெயரில் அந்த வேலையைப் பயாஸ் திரைக்குள் கொண்டுவந்தது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். வசதி பெருகியது. கூடவே, பிராசஸர் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்ற தகவலும் பேட்டரியை நம்பி நிற்க வேண்டியதாயிற்று. பேட்டரி தளர்ந்தால் அந்தத் தகவல் அழியும். அழிந்ததைப் பயாஸ் சொல்கிறது. அது பொய் சொல்லவில்லை, தனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறது.

ஜூன் 8

இதை ஊகமாக விடத் தேவையில்லை, சோதித்துவிடலாம். முதல் சாட்சி தேதி. எச்சரிக்கை வந்த அதே நேரத்தில் கடிகாரமும் பல ஆண்டுகள் பின்னுக்குப் போயிருந்தால், நேரத்தையும் அமைப்பையும் ஒருசேரக் காத்த ஒன்றுதான் விட்டுப் போயிருக்கிறது. இரண்டாவது சாட்சி இன்னும் வலியது. மின்சாரத்தைத் துண்டிக்காமல் ரீஸ்டார்ட் மட்டும் செய்து பார்க்க வேண்டும். எச்சரிக்கை வராமல், சுவர் ஸ்விட்சை இரவு முழுதும் அணைத்து வைத்த பின் மட்டும் வருமானால் சந்தேகம் முழுவதும் பேட்டரி மேல் விழுகிறது. ஏனென்றால் பிளக் செருகி ஸ்விட்ச் போட்டிருக்கும் வரை, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும், பவர் சப்ளையிலிருந்து ஒரு சிறு 5 வோல்ட் மின்சாரம் போர்டுக்கு வந்துகொண்டே இருக்கும். பேட்டரி சுமையின்றி இருக்கும். மல்டிமீட்டர் கிடைத்தால் மூன்றாவது சாட்சியும் உண்டு: புது சிஆர் 2032 பேட்டரி 3 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ காட்டும். 2.7க்குக் கீழே போனதை நம்ப வேண்டாம்.

வேலை முடிந்ததும் சுவர் ஸ்விட்சை அணைப்பது நம் வீடுகளின் நல்ல வழக்கம். இடி மின்னலுக்குப் பேர்போன இந்த மலையில் அது தேவையும்கூட, கைவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கான விலையைப் பேட்டரி கொடுக்கிறது. அந்தப் பேட்டரியின் கொள்ளளவு ஏறக்குறைய 220 மில்லிஆம்பியர் மணி. கடிகாரம் 5 மைக்ரோஆம்பியர் இழுத்தால் 44,000 மணி நேரம், அதாவது ஐந்து ஆண்டு. சுவர் ஸ்விட்ச் அணைந்தே கிடக்கும் பெட்டிக்கு இந்த ஐந்து ஆண்டு முழுக் கணக்கு. ஈரம் படிந்து மின்கசிவு உள்ள போர்டில் இன்னும் குறையும். அகத்தியமலைச் சரிவில் ஈரத்துக்குக் குறைவில்லை.

ஜூன் 9

எஃப்1 அழுத்தினால் ஓடுகிறதே, பிறகென்ன என்று கேட்பார்கள். ஓடும். எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். ஏஎம்டியின் அத்லான் எக்ஸ்பி 2500+ பஸ் எனப்படும் 166 மெகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகத்தை 11 மடங்காக்கி 1833 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது. நினைவிழந்த போர்டு பாதுகாப்புக்காக பஸ்ஸை 100க்கு இறக்கினால் அது 1100 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் கிழடாகிவிட்டது என்பார். மீட்கக் கூடிய வேகம் உள்ளேயே இருக்கும். ஹார்ட் டிஸ்க் இணைப்பு முறையும் பொது அமைப்புக்கு மாறிவிட்டால் விண்டோஸே ஏறாமல் நீலத் திரையில் நின்றுவிடக்கூடும்.

தேதி பிசகுவது அதைவிடப் பெரிய தொல்லை. பாதுகாப்பான இணையத் தளங்களின் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கடிகாரம் பல ஆண்டு பின்னால் நின்றால், இன்று செல்லும் சான்றிதழ் இன்னும் பிறக்காததாகத் தெரியும், பிரவுசர் வழிமறிக்கும். கோவிட் காலத்தில், 2020 ஜூன் 1 அன்று கைட் விக்டர்ஸ் கல்வித் தொலைக்காட்சி 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகளைத் தொடங்கியது. அன்றிலிருந்து பாடம், உதவித்தொகை விண்ணப்பம், தேர்வு முடிவு எல்லாவற்றுக்கும் இணையத்தை நாடுவது பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. அலைபேசிச் சிக்னலே அரிதான இடத்தில் அரிதாகக் கிடைக்கும் இணைப்பும் தேதிப் பிசகால் வீணாகலாமா? தினமும் எஃப்1 அழுத்துவதை நான் தீர்வாக ஏற்கவில்லை.

ஜூன் 12

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: பிராசஸர் உண்மையிலேயே கெட்டிருக்கலாமே. கெடும். 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் பல தள்ளாடின. பிராசஸருக்குள் ஓடும் மைக்ரோகோட் நிரல் தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் கேட்டதை இன்டெல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற திருத்தத்தை பயாஸ் வழியாகக் கொடுத்தது, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. ஏற்கெனவே சேதமான சில்லைத் திருத்தத்தால் மீட்க முடியாது. பிராசஸரை இயல்பு வேகத்துக்கு மேல் முடுக்கியிருந்தாலோ, போர்டின் பழைய பயாஸுக்குத் தெரியாத புதிய பிராசஸரைப் பொருத்தியிருந்தாலோ எச்சரிக்கை நேரடிப் பொருளில்தான் வருகிறது. புதிய போர்டுகள் அமைப்புகளில் பெரும்பகுதியை ஃபிளாஷ் நினைவகத்தில் வைப்பதால், அங்கே பேட்டரியை மட்டும் குறை சொல்லவும் முடியாது.

ஆனால் இவை என் வாதத்தைக் கவிழ்க்கவில்லை, அதன் எல்லையைக் காட்டுகின்றன. தேதி சரியாக இருந்தும், ரீஸ்டார்ட் செய்த ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை வந்தால் பேட்டரியை விட்டுவிட்டு பயாஸ் பதிப்பு, வேக அமைப்பு, ஹீட்சிங்க் விசிறி என்று போக வேண்டும். ஐம்பது ரூபாய்க்குள் சோதித்துவிடக் கூடியதை முதலில் சோதி என்பதே நான் சொல்வது. விலை குறைவானதை முதலில் பார்ப்பது கஞ்சத்தனம் இல்லை; ஒன்றை நீக்கினால்தான் அடுத்ததைப் பற்றி உறுதியாகப் பேச முடியும்.

ஜூன் 13

மாற்றுவது கடினமில்லை. பிளக்கைப் பிடுங்கி, உள்ளே இரும்பைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கி, பழையதை நெம்பி எடுத்து, பிளஸ் பக்கம் மேலே தெரியப் புதியதைச் செருக வேண்டும். செட்டப்பில் பொது அமைப்பை ஏற்றி, தேதியும் பிராசஸர் வேகமும் சரிசெய்து சேமிக்க வேண்டும். ஓர் இரவு மின்சாரமின்றி வைத்துவிட்டு மறுநாள் பார்த்தால்தான் சோதனை முடிந்தது. மாற்றிய மாதத்தைப் பெட்டியின் உட்புறம் மார்க்கரில் எழுதிவிட்டால் அடுத்த முறை ஊகம் வேண்டாம்.

எடுத்த பேட்டரியை மேசையில் விடாதீர்கள். சிறு குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகும். தீர்ந்த பேட்டரிக்கும் அந்தச் சக்தி இருக்கிறது. இரு முகத்தையும் டேப் ஒட்டி மூடி, ஒற்றை அறை லயத்தில் எட்டாத உயரத்தில் வைத்து, மலையிறங்கும் நாளில் மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுத்துவிடுங்கள்.