விழுங்கியவரை விழுங்கிய பெயர்

ஓர் ஊராட்சி செத்துப்போனால் யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. அரசாங்கம் ஓர் உத்தரவு போடும். ஜனவரி ஒன்றாம் தேதி போர்டை மாற்றுவார்கள். அவ்வளவுதான்.

பின்லாந்தின் தென்கரையில் ஸ்னாப்பர்டூனா என்று ஒரு சின்ன ஊராட்சி இருந்தது. (டூனா என்றதும் மீன் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல!) வயல், காடு, 17-ம் நூற்றாண்டு மரத் தேவாலயம். இருப்பது பின்லாந்தில், பேச்சோ ஸ்வீடிஷ். அதெப்படி என்கிறீர்களா? 1809 வரை, சுமார் அறுநூறு வருஷம், அந்த தேசம் ஸ்வீடன் ராஜாக்களிடம் இருந்தது. அப்போது கடலோரமாகக் குடியேறியவர்களின் வாரிசுகள் இன்றும் ஸ்வீடிஷ்தான் பேசுகிறார்கள். நாடு முழுக்க எண்ணினால் நூற்றுக்கு ஐந்து பேர் தேறுவார்கள்.

இந்த ஊரின் பெரிய சொத்து ஒரு கோட்டை. பெயர் ராஸபோரி. 1370-களிலேயே ஏட்டில் ஏறிய பெயர். 1465-ல் ஸ்வீடனில் பதவி பறிபோன மன்னர் கார்ல் க்னூட்ஸன், இங்கே வந்து தங்கி, இரண்டு வருஷம் கழித்து மறுபடி ராஜாவானார். நம்மூர் அரசியல்வாதிகள் கவனிக்க!

கட்டும்போது கோட்டையைச் சுற்றிக் கடல். ஆனால், பனியுகத்துப் பனிப்பாறையின் பாரம் நீங்கியதால் அந்தப் பக்கத்து பூமி இன்றுவரை மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருக்கிறது. கடல் ஒதுங்கியது. 1550-ல் ஹெல்சின்கி பிறந்தது. அடுத்த சில வருஷங்களில் கோட்டையைக் கைவிட்டார்கள். இப்போது பக்கத்தில் ஓடுவது சின்ன ஆறு.

சரி, ஊராட்சிக்கு வருவோம். 1977-ல் பக்கத்து டவுனான ஏகெனேஸ், ஸ்னாப்பர்டூனாவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஏகெனேஸ் லேசுப்பட்டதில்லை, 1546-லேயே நகர அந்தஸ்து வாங்கியது. பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும் வழக்கமான கதை என்றுதானே நினைக்கிறீர்கள்? பொறுங்கள்.

2009 ஜனவரி ஒன்றாம் தேதி பின்லாந்து முழுக்க இணைப்புத் திருவிழா. அதற்கு முந்தைய வருஷம் 415 ஆக இருந்த உள்ளாட்சிகள் ஒரே நாளில் 348 ஆயின. ஏகெனேஸும் காரிஸ், போயோ என்ற பக்கத்து ஊர்களோடு சேர்ந்து காணாமல் போனது. புது நகராட்சிக்கு மூன்று பேரில் யார் பெயரையும் வைக்கவில்லை. வைத்த பெயர், ராஸபோரி! ஆமாம், ஸ்னாப்பர்டூனாவின் கோட்டைதான். விழுங்கியவரை முப்பத்திரண்டு வருஷம் கழித்து, விழுங்கப்பட்டவரின் பெயர் விழுங்கிவிட்டது.

படிக்க ஜாலியாக இருக்கிறது. ஆனால், இந்த இணைப்புகளில் ஒரு பயமும் உண்டு. பின்லாந்து சட்டப்படி, ஓர் ஊரில் சிறுபான்மை மொழிக்காரர்கள் நூற்றுக்கு எட்டுப் பேராவது, அல்லது மூவாயிரம் பேராவது இருந்தால்தான் அது இருமொழி ஊர். தெருப் பலகையில் பெரும்பான்மை மொழி மேலே, மற்றது கீழே. அதனால் யாரோடு யாரைச் சேர்ப்பது என்பது வெறும் வரவு-செலவுக் கணக்கில்லை. லில்யெந்தால் என்ற இன்னொரு சின்ன ஊராட்சியில் பெரும்பான்மை ஸ்வீடிஷ். 2010-ல் அது லோவிசா நகரத்தோடு சேர்ந்தது. புது நகரத்தில் பெரும்பான்மை ஃபின்னிஷ். யாரும் குடி பெயரவில்லை; யாரும் பேச்சை மாற்றவில்லை. ராத்திரி பெரும்பான்மையாகப் படுத்தவர்கள் காலையில் சிறுபான்மையாக எழுந்தார்கள்.

ஸ்னாப்பர்டூனாவுக்கு அந்த விதத்தில் அதிர்ஷ்டம். ராஸபோரியில் இன்றும் ஸ்வீடிஷ்காரர்கள்தான் அதிகம். கோடைகாலத்தில் கோட்டையருகே திறந்தவெளியில் ஸ்வீடிஷ் நாடகம் போடுகிறார்கள். ஊராட்சி ஆபீஸ் போயிற்று, பாஷை போகவில்லை. எனக்கென்னவோ, பெயர் திரும்பி வந்ததைவிட இதுதான் பெரிய வெற்றியாகப் படுகிறது.

உங்கள் ஊரையும் ஒருநாள் பக்கத்து டவுனோடு சேர்க்கலாம். எதற்கும் பழைய கோட்டை ஏதாவது இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவையுங்கள்!